மூதேவியை ஏற்றிப்போன லோரி

என் கணவருக்கு மூச்சிரைப்பு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் அடுக்குமாடியில் நான் செய்த ரகளைக்கெல்லாம் காரணம் அதுதான். சுற்றுச்சூழல் ஆர்வலர் என்று பிறகு சிலர் எனக்குப் பட்டம் கட்டினார்கள். அப்படி ஒரு ஆர்வமும் எனக்கு இருந்ததில்லை. என் வீட்டுக்காரர் ஒரு வாக்கியத்தை நடுவில் நிறுத்தாமல் பேசி முடிக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அவர் கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். நல்ல பேச்சுக்காரர். கல்யாண வீட்டில் அவர் உட்கார்ந்திருக்கும் மேசையில்தான் சிரிப்புச் சத்தம் பலமாகக் கேட்கும். வேலையை விட்டு வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகுதான் இரைப்பு வந்தது. வீடு என்றால் கம்போங் மேடானில் லிஃப்ட் இல்லாத ஐந்து மாடிக் கட்டடம், அதில் இரண்டாவது மாடி, பின்பக்கம். அந்தப் பின்பக்கம்தான் பிரச்சினை.

பின்னால் ஒரு பெரிய சாக்கடை, அதை ஒட்டிக் குப்பைக் கொட்டகை, அதற்கு அப்பால் கேட்பாரில்லாமல் கிடக்கும் காலி நிலம். கெட்டுப்போன டிவி, காத்தாடி, ரைஸ் குக்கர், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் நாங்கள் அந்தக் கொட்டகைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிடுவோம். யாராவது எடுத்துப் போவார்கள் என்று ஒரு நினைப்பு. எடுத்துத்தான் போனார்கள், காலி நிலத்துக்கு. அங்கே உடைத்து, வயரையெல்லாம் குவித்துக் கொளுத்துவார்கள். மேலே இருக்கும் பிளாஸ்டிக் எரிந்துபோனால் உள்ளே இருக்கிற செம்பை விற்கலாம். சாயங்காலமானால் கறுப்புப் புகை எழும்பி, வழி தெரிந்தது போல நேராக எங்கள் ஜன்னலுக்கு வரும். கொளுத்தியது யார் என்று நான் தேடிப் போகவில்லை. பிழைப்புக்கு வழியில்லாத யாரோ. கொளுத்துவதற்குச் சாமானைக் கொண்டுபோய் வைத்தது நாங்கள்தானே.

புகை அதிகமான நாட்களில் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போவேன். முகத்தில் மாஸ்க் மாட்டி மருந்துப் புகையை இழுக்க வைப்பார்கள். ‘காஸ் எடுக்கிறது’ என்போம். புகை இல்லாத இடமாகப் பார்த்து வீடு மாறினால் நல்லது என்றார் டாக்டர். ஆமாம் டாக்டர் என்று தலையாட்டிவிட்டு, அதே வீட்டுக்கு அவரைத் திரும்பக் கூட்டிவந்தேன். நாங்கள் வேறு எங்கே போவது?

எனக்குக் கோபம் வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் சுங்கை வேயில் ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். டிவிக்கும் ரேடியோவுக்கும் உள்ளே இருக்குமே பச்சைத் தட்டு, அதில் ஈயம் வைத்துப் பற்றவைக்கிற வேலை. கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்தேன், கண்ணாடி போட்டாலும் கம்பி தெரியாத வயது வரைக்கும் செய்தேன். ஒவ்வொரு மேசையிலும் ஈயப் புகையை உறிஞ்சி எடுக்க ஒரு குழாய் வைத்திருந்தார்கள். எங்கள் மூக்கில் போய்விடக் கூடாது என்று அத்தனை கவனம். அந்த மாதிரிச் சாமான்கள் கடைசியில் என் ஜன்னலுக்குக் கீழேயே வந்து எரிந்தால் வயிறு எரியாதா?

இந்தக் கழிவைப் போட நகரத்தில் இடமே இல்லை என்று சொல்ல முடியாது. பெரிய பேரங்காடிகளில் பெட்டி வைத்திருந்தார்கள். அரசாங்க அலுவலகக் கார் நிறுத்துமிடங்களில் இருந்தது. நீச்சல்குளம் வைத்த கொண்டோ என்கிற பணக்கார அடுக்குமாடிகளில் இருந்தது. எல்லாம் காரில் வருகிறவர்களுக்கு வசதியான இடங்கள். ஒரு நாள் வீம்புக்கு, எங்கள் வீட்டுக் கெட்டுப்போன மைக்ரோவேவைப் பழைய கைலியில் மூட்டை கட்டி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு பேரங்காடிக்குப் போனேன். பக்கத்து சீட்டுக்காரர், உள்ளே சூடாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். பேரங்காடிக் காவலாளி, நான் சாமானைத் திருப்பிக் கொடுத்துச் சண்டை போட வந்திருக்கிறேன் என்று நினைத்து வாசலிலேயே நிறுத்திவைத்தார். ஒரு வழியாகப் பெட்டியைக் கண்டுபிடித்தால், அதன் வாய் கைப்பேசி நுழைகிற அளவுதான். பெரிய சாமானுக்கு அது இல்லையாம்.

மைக்ரோவேவ் என்னோடு பஸ்ஸில் திரும்பி வந்தது. வீட்டுக்காரர் கதவைத் திறந்து என்னையும் மூட்டையையும் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலானது, இருமல் இரைப்பானது. மூட்டையை வாசலிலேயே போட்டுவிட்டு அவரைக் காஸ் எடுக்கக் கூட்டிக்கொண்டு ஓடினேன். மனுஷன் சிரிக்கக்கூட முடியவில்லையே என்று அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் காலையில் நேராக நகராண்மைக் கழகத்துக்குப் போய்விட்டேன்.

ஒரு தடவை போனால் நடக்கிற காரியமா? போய்க்கொண்டே இருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் என் தலையைக் கண்டாலே எழுந்து உள்ளே போகிற அளவுக்குப் போனேன். கடைசியில் ஒரு மலாய்க்கார இளம் அதிகாரி எங்கள் இடத்தைப் பார்க்க வந்தார். நல்ல பிள்ளை. பின்பக்கம் வரைக்கும் வந்து சாம்பலைக் காலால் கிளறிப் பார்த்தார். மின்கழிவு சேகரிக்கும் இடங்களை இனிமேல் குடியிருப்புகளுக்குள்ளேயும் கொண்டுவரப் போவதாகச் சொன்னார். பெரிய சாமானும் போடுகிற மாதிரி பூட்டு வைத்த கம்பிக் கூண்டு, மாதம் ஒரு முறை லோரி. ஆனால் இந்த வட்டாரத்துக்கு இப்போதைக்கு ஒரு கூண்டுதான். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கொண்டோவும் அதையே கேட்டிருக்கிறது. அதனால் ஒரு காலை நேரம் லோரியை அனுப்புவார்கள். பாதி லோரியாவது நிறைந்தால் கூண்டு எங்களுக்கு. இல்லையென்றால் அவர்களுக்கு.

அவர் சொன்னது நியாயம்தான். இங்கே யாரும் போட மாட்டார்கள் என்றால் வைத்து என்ன பயன்? ஆனால் எனக்கு அது வேறு மாதிரிதான் காதில் விழுந்தது. லோரி நிறைந்தால் என் வீட்டுக்காரர் மூச்சு விடுவார், நிறையாவிட்டால் மாட்டார்.

நாள் குறிக்க எங்கள் குடியிருப்பாளர் சங்கம் கூடியது. தலைவர் ஓய்வு பெற்ற மலாய்க்காரர், நாங்கள் எல்லோரும் பாக்சிக் என்று கூப்பிடுகிறவர். புதன் கிழமையா, வெள்ளிக் கிழமையா என்று அதிகாரி போனில் கேட்டார். வெள்ளி என்று நான் முந்திக்கொண்டேன். நல்ல காரியம் ஆரம்பிக்கிறோம், நல்ல நாளாக இருக்கட்டுமே. பாக்சிக்குக்கும் மனசு குளிர்ந்துபோனது, அவர்களுக்கும் வெள்ளிதான் நாட்களுக்கெல்லாம் தலைவன். எல்லோரும் சந்தோஷமாக எழுந்து தேநீர் குடிக்கப் போனோம்.

அந்த வாரம் முழுக்க மாடி மாடியாக ஏறி இறங்கினேன். எங்கள் கட்டடத்தில் முக்கால்வாசி தமிழ்க் குடும்பங்கள். எந்த வீட்டுக்குள் போனாலும் ஒரே காட்சிதான். பின்னால் புடைத்த பழைய டிவி கீழே, புது தட்டை டிவி அதன் மேலே. பழையது படம் காட்டாமல் போய் வருஷக்கணக்காகிறது. அதன் மேல் பூப்போட்ட துணி விரித்து, புதியதை உட்கார வைத்திருப்பார்கள். கனமானது, அசையாது, மேசை வாங்குவானேன். அதைக் கொடுங்கள் என்று கேட்டேன். கொடுக்கிறேன் கொடுக்கிறேன் என்று எல்லா வீட்டிலும் சிரித்த முகத்தோடு சொன்னார்கள். எனக்கு ஒரே பெருமை. பாதி லோரி என்ன, இரண்டு லோரி அனுப்பச் சொல்லியிருக்கலாம் என்று வீட்டுக்காரரிடம் அளந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் லோரி வந்தது. அதிகாரியும் வந்தார், கூடவே இரண்டு ஆட்கள். வீட்டுக்காரரைக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தேன். மலாய் வீடுகளிலிருந்து ஒரு கெட்டிலும் சில காத்தாடிகளும் வந்தன. எங்கள் தமிழ்ப் பெண்கள் தலை குளித்து, பூ வைத்து, ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். வந்து லோரியைச் சுற்றி நின்றார்கள். கையில் ஒன்றும் இல்லை.

முதலில் எனக்குப் புரியவில்லை. அப்புறம் கொடுக்கிறேன் என்றார் ஒருவர். நாளைக்கு வரமாட்டார்களா என்றார் இன்னொருவர். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜும்ஆ தொழுகைக்கு அவர்கள் நேரத்தோடு கிளம்ப வேண்டும். லோரியின் தட்டில் ஒரு மூலைகூட நிறையவில்லை. வீட்டுக்காரர் லோரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேசுவதற்கு அவரிடம் மூச்சு இல்லை. நான் மூன்றாவது மாடிக்கு ஓடினேன்.

அங்கே ஒரு அக்கா இருக்கிறார். புது வீட்டில் பால் காய்ச்சுவதிலிருந்து பிள்ளைக்கு முடி இறக்குவது வரைக்கும் எங்கள் கட்டடத்தில் நாள் கேட்பது அவரிடம்தான். அவர் வீட்டிலும் டிவி மேல் டிவி. அந்த இரண்டுக்கும் முன்னால் ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது. ஏனக்கா யாரும் கொண்டுவரவில்லை என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

‘இன்னிக்கு வெள்ளிக்கிழமைலா. வீட்டுச் சாமான எவளாச்சும் வெளிய அனுப்புவாளா?’

தலையில் குட்டு வைத்தது போல இருந்தது. வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து ஒரு பிடி அரிசிகூட வெளியே போகக் கூடாது, லட்சுமி போய்விடுவாள். இது எனக்குத் தெரியாததா? என் அம்மா வீட்டில் வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரி தயிருக்கு உறை மோர் கேட்டாலே கிடைக்காது. நல்ல நாள் என்று குறித்தபோது உள்ளே வருவதைப் பற்றித்தான் நினைத்தேனே தவிர வெளியே போவதைப் பற்றி நினைக்கவில்லை. அவ்வளவு ஏன், என்னுடைய மைக்ரோவேவே இன்னும் மேலேதான் இருந்தது. காலையில் விளக்கேற்றிவிட்டு வரும்போது அதைத் தூக்கக் கை போகவில்லை, அப்புறம் பார்க்கலாம் என்று வந்திருந்தேன். அங்கேயே நின்று சிரித்திருப்பேன், கீழே அவர் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வராமல் இருந்திருந்தால். ஞாபகம் வந்ததும் கோபம்தான் வந்தது.

‘அக்கா, அந்தப் பழைய டிவி பேசி எத்தன வருஷமாச்சு? ஓடாததையும் ஒடஞ்சதையும் வீட்ல வச்சிருந்தா யாரு வந்து குந்திக்குவான்னு நீங்கதானே எங்களுக்கு சொல்லுவீங்க? அது லட்சுமியாக்கா? மூதேவி. லட்சுமிய நீங்க அனுப்ப வேணாம். மூதேவிய எதுக்கு வெள்ளிக்கிழமையும் உக்கார வச்சு ஊதுவத்தி காட்டுறீங்க? கீழ என் வீட்டுக்காரரு மூச்சு விட முடியாம குந்தியிருக்காரு.’

என்னைவிட மூத்தவரிடம் அப்படிக் குரலை உயர்த்தியதே இல்லை. அக்கா திரும்பித் தன் டிவியைப் பார்த்தார். பூப்போட்ட துணியைப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பேசினார்.

‘வெறுமனே அனுப்ப மாட்டேன். மொதல்ல உள்ள ஒண்ணு வரட்டும், அப்புறம் அவ வெளிய போகட்டும். ஓடு, பாய் கடைல உப்பு வாங்கிட்டு வா.’

வெள்ளிக்கிழமை வீட்டுக்குள் உப்பு வந்தால் மகாலட்சுமி வந்த மாதிரி. ஒரு கதவு, உள்ளே லட்சுமி, வெளியே மூதேவி. இதைவிட நல்ல நாள் வேறு என்ன இருக்கிறது? கீழ்த்தளத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் பாய், இராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம் குடும்பத்தில் வந்தவர். மூச்சிரைக்க நான் சொன்னதைப் பாதியில் புரிந்துகொண்டு, உப்புப் பாக்கெட் அட்டைப்பெட்டியை அப்படியே தோளில் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் படியேறினார். முதல் பாக்கெட் அக்கா வீட்டுக்குள் போனது. அக்கா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்துக் குரல் கொடுத்தார். கோயிலில் மைக் இல்லாமல் பாடுகிறவர். மூதேவியை வெளியே அனுப்புங்கடி, உப்பு வருகிறது என்ற அந்தச் சத்தம் எல்லா மாடிக்கும் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு மார்பு விம்முகிறது. ஆம்பளைகள் பாதிப் பேர் வேலைக்குப் போயிருந்தார்கள். பெண்களும் வயசானவர்களும்தான். அந்தப் பழைய டிவி இருக்கிறதே, கண்ணாடி முன்பக்கம் அத்தனை கனம், ஒரு ஆளால் தூக்கிக்கொண்டு படி இறங்க முடியாது. ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு பேர் நின்று, மேலே இருந்து வாங்கிக் கீழே கொடுத்தார்கள். புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பூ உதிர உதிரத் தூக்கினார்கள். மாக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் மலாய் அம்மாக்களும் வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். பிரிண்டர், மிக்சி, எப்போதோ செத்துப்போன ரேடியோ, பிஸ்கட் டின் நிறைய கைப்பேசிகள், வால் மாதிரி வயர் தொங்கும் இஸ்திரிப் பெட்டிகள். ஒரு வீட்டில் எங்கே வைத்திருந்தார்கள் என்றே தெரியவில்லை, முழுசாக ஒரு வாஷிங் மெஷின் வந்தது.

கீழே என் வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். லோரி ஏற்றுவதைப் பற்றி அவருக்குச் சொல்ல வேண்டுமா? வாய் பேச முடியாததைக் கையால் பேசினார். கனமானது முன்னால், கண்ணாடி உள்பக்கம் பார்த்து, சின்னது இடுக்கில். அந்த இரண்டு ஆட்களும் ஏதோ முதலாளி சொல்வது போல அவர் விரலைப் பார்த்து வேலை செய்தார்கள். இடையில் அதிகாரி என்னிடம் வந்து, இந்த உப்பு லோரிக்கா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வீட்டுக்கு என்றேன். மூதேவியை மலாயில் எப்படிச் சொல்வது என்று தெரியாததால் அதோடு விட்டுவிட்டேன்.

பாதி லோரிதான் கேட்டார்கள். பக்கப் பலகைக்கு மேலே எழும்பி, கயிறு போட்டுக் கட்டுகிற அளவுக்கு நிறைந்தது. கடைசியாக என் மைக்ரோவேவை நானே கொண்டுவந்து வைத்தேன், வீட்டுக்குள் உப்பு வைத்துவிட்டுத்தான். அதிகாரி ஒரு படம் எடுத்துக்கொண்டு, இனிமேல் கொண்டோக்காரர்கள் காத்திருக்கட்டும் என்றார். பாக்சிக்கும் பாயும் அவர்களோடு தொழுகைக்குக் கிளம்பினார்கள். எங்கள் பகுதியின் பெயர் பேப்பரில் நல்ல விஷயத்துக்கு வந்து பழக்கமில்லை. அன்றைக்குப் பேப்பர்காரர்கள் யாராவது வந்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஆதங்கமாக இருந்தது.

கூண்டு சில நாட்களில் வந்தது. பூட்டி, சாவியை யாரிடம் கொடுப்பது என்று அதிகாரி கேட்டதற்கு எல்லோரும் என்னைக் காட்டினார்கள். நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் தினமும் வீட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் எங்கள் பையைத் திறந்து காட்ட வேண்டும். ஒரு திருகாணிகூட வெளியே போய்விடக் கூடாது. அத்தனை வருஷமும் பையைத் திறந்து காட்டியவள் நான். அதே மாதிரிச் சாமான்கள் ஒரு கூண்டு நிறைய, அதன் சாவி என் கையில். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

புகை ஒரே நாளில் நின்றுவிடவில்லை. கொளுத்தச் சாமான் கிடைக்காமல் போகப் போகக் குறைந்தது. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் காலி நிலத்தில் சாம்பல் இருந்த இடத்தில் புல் முளைத்துவிட்டது. லோரி இன்னும் மாதம் ஒரு வெள்ளிக்கிழமைதான் வருகிறது. நாளை மாற்றலாமா என்று அதிகாரி கேட்டார், எங்கள் பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

போன மாதம் அந்த அதிகாரி மறுபடியும் கூப்பிட்டார். சாலாக் செலாத்தானில் ஒரு அடுக்குமாடியில் கூண்டு வைக்கப் போகிறார்களாம், அங்கே இருப்பவர்களிடம் வந்து பேச முடியுமா என்று கேட்டார். நானும் வருகிறேன் என்று வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டார். மண்டபத்தில் இந்தியர்களும் சீனர்களுமாக நிறையப் பேர். நான் எழுந்து வணக்கம் சொன்னேன், அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. ரகளை செய்யத் தெரியுமே தவிர மைக்கைப் பிடித்துப் பேசத் தெரியாது. வீட்டுக்காரர் என் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

பஸ்ஸில் போன மைக்ரோவேவிலிருந்து ஆரம்பித்தார். தமிழில் சொன்னார், அப்புறம் அதையே மலாயில் சொன்னார். அக்கா குரல் கொடுத்ததைக் குரலை மாற்றி நடித்துக் காட்டினார். மண்டபமே சிரித்தது, கூடவே அவரும் சிரித்தார். சிரித்தால் இருமல் வரும், இருமினால் இரைப்பு வரும் என்று நான் கைப்பையைத் திறந்து வாயில் அடிக்கிற மருந்துப் பம்பை எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன். அவர் பேசிக்கொண்டே இருந்தார். நேரமாகிறது என்று அதிகாரி ஜாடை காட்டியும் நிறுத்தவில்லை. என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நான் போய் நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்களைப் போல அவர் பேச்சைக் கேட்டேன்.